மினுக்கு ஓட்டம்

சென்னியப்பன் காலையில் எழுந்து பல் துலக்குவார், முகம் கழுவுவார், பிறகு கண்ணாடி முன் நின்று தன் துக்கத்தைக் குறைத்துக்கொள்வார். இடது காதுக்குப் பின்னால், தோலுக்கடியில், புளியங்கொட்டை அளவில் ஒரு மேடு. அதை அழுத்தித் தடவினால் போதும். மனைவி இறந்த நினைவு அப்படியே இருக்கும். வலிப்பது மட்டும் நின்றுபோகும். அதன் பிறகு தோசைக்குச் சட்னி இருக்கிறதா என்று பார்க்கப் போவார்.

மேகநகரில் வயது வந்த எல்லோருக்கும் இந்தத் தணிப்பி உண்டு. வெள்ளிக் கோளின் மேகங்களுக்கு நடுவே, பெரிய பெரிய காற்றுப் பைகளில் தொங்கிக்கொண்டிருக்கும் ஊர் அது. கீழே தரையில் ஈயம் உருகும் சூடு. வெளியே மேகம் முழுக்க அமிலம். அப்படிப்பட்ட ஊரில் ஒருவர் பதறிப்போய் வெளிக்கதவைத் திறந்தால் அந்தப் பகுதியில் இருக்கும் அத்தனை பேரும் போய்ச்சேர வேண்டியதுதான். முன்னொரு காலத்தில் ஒருவர் திறந்தும் விட்டார். அதன் பிறகு பெரியவர்கள் கூடிப் பேசி, மனிதர்களிடமிருந்து பதற்றத்தையே எடுத்துவிடுவது என்று முடிவு செய்தார்கள். கதவுக்கு நல்ல பூட்டாகப் போடலாமே என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

விதிவிலக்கு இறங்கி ஓட்டிகளுக்கு மட்டும். தாது அள்ளிவரத் தரைக்குப் போகும் ஊர்திக்குத்தான் இறங்கி என்று பெயர். அந்தச் சூட்டில் பயம் இல்லாதவர் பிழைக்க மாட்டார் என்பதால் ஓட்டிகளுக்குத் தணிப்பி பொருத்துவதில்லை. ஊரில் சத்தமாகச் சிரிப்பவர்களும் சத்தமாக அழுபவர்களும் அவர்கள்தான். மற்றவர்கள் அவர்களைக் கொஞ்சம் தள்ளி நின்றே பார்ப்பார்கள்.

சென்னியப்பனின் ஒரே மகள் பூவாத்தாள் ஓட்டியாகத் தேறியிருந்தாள். மறுநாள் அவளுடைய முதல் இறக்கம். தோசையைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். கவலை வந்தால் அவள் புருவங்களுக்கு நடுவே ஒரு கோடு விழும். அவள் அம்மாவுக்கும் அதே இடத்தில் விழும்.

“ஏனுங்கப்பா, தட்டு ஆயிருச்சுங்களா?”

“மேஸ்திரி முடிச்சுட்டான்னு சொன்னாங்க அம்மிணி. இன்னைக்குப் பார்த்துப்போட்டுத்தான் சொல்லோணும்.”

“எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லீங்க. உங்களுக்குப் பயமா இல்லீங்களா?”

சென்னியப்பன் யோசித்துப் பார்த்தார். “இருந்திருக்கும். காலையில கொறைச்சுட்டேன்” என்றார்.

அவள் கேட்ட தட்டு இறங்கியின் சுழல்தட்டு. குளிரூட்டியைச் சுழற்றுவதும் அதுதான், ஊர்தியை மேலே தூக்கிவரும் விசிறிகளைச் சுழற்றுவதும் அதுதான். அது உடைந்தால் இறங்கி திரும்பாது. பூவாத்தாளின் அம்மாவும் ஓட்டிதான். அவள் போன இறங்கி திரும்பவில்லை. காரணம் தெரியவில்லை என்று விசாரணையில் சொல்லிவிட்டார்கள். அந்த இறங்கியின் சுழல்தட்டைச் சோதித்து, சரி என்று தேற்றியவர், ஊரின் மேற்பரப்புச் சோதகரான சென்னியப்பன்.

*

மேஸ்திரி மனிதன் அல்ல. பட்டறையின் நடுவே, கூரையிலிருந்து ஆறு கைகளைத் தொங்கவிட்டிருக்கும் கடைசல் எந்திரன். வேண்டியபோது ஒரு கை மட்டும் கழன்று வெளியே போய் வேலை பார்த்துவிட்டு வரும், கேட்டால் பதிலும் சொல்லும். இந்த ஊரைக் கட்ட வந்தவர்களில் பாதிப்பேர் கோயமுத்தூர்ப் பக்கத்துப் பட்டறைக்காரர்கள். அவர்கள் பூமியை விட்டு வந்தார்களே தவிர, ‘ங்க’வை விட்டு வரவில்லை. மேஸ்திரிக்குத் தொழில் கற்றுத்தர யாரும் மெனக்கெடவும் இல்லை. பூமியில் பட்டறைகளில் மனிதர்கள் வேலை செய்வதைப் பிடித்துவைத்த படங்களைக் கொட்டி, பார்த்துப் பழகிக்கொள் என்று விட்டுவிட்டார்கள். அது பார்த்தது, பழகியது, பேச்சையும் சேர்த்துப் பழகிக்கொண்டது.

“வாங்ண்ணா. தட்டு எப்படி இருக்குதுன்னு பாருங்க” என்றது மேஸ்திரி.

தட்டு பளபளவென்று இருந்தது. சென்னியப்பன் குனிந்தபோது அவர் முகம் அதில் தெரிந்தது. மெருகுமானியை வைத்தார். பச்சை விளக்கு உடனே எரிந்தது. கட்டைவிரல் நகத்தால் பரப்பின் மேல் இழுத்துப் பார்த்தார். பட்டறைக்காரர்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம் அது. கீறல் இருந்தால் நகம் தட்டும். தட்டவில்லை. எல்லாம் சரி. கிளம்பலாம் என்று திரும்பியவர், கழிவுத் தொட்டியில் தேய்ந்த வெட்டுமுனை ஒன்றே ஒன்று கிடப்பதைப் பார்த்துவிட்டு நின்றார்.

இங்கே உலோகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சுழல்தட்டு வெப்பந்தாங்கியில் செய்தது. நிக்கலோடு இன்னும் பலவற்றைக் கலந்து உருக்கிய, பிடிவாதம் பிடித்த உலோகம். மற்ற உலோகங்கள் சூடானால் இளகும். இது அந்தச் சூட்டிலும் இறுகி நிற்கும். கீழே அது உதவுவது அதனால்தான், கடைசலில் உயிரை வாங்குவதும் அதனால்தான். வெட்டும்போது பிறக்கும் சூடு சீவலோடு போகாமல் வெட்டுமுனையிலேயே உட்கார்ந்துகொள்ளும். முனை சீக்கிரம் மழுங்கும். மழுங்கிய முனை வெட்டாது, தேய்க்கும். தேய்க்கத் தேய்க்க உலோகத்தின் மேல்தோல் இழுபட்டு வழிந்து, பாலாடை மாதிரி ஒரு மெல்லிய வெள்ளை ஏடாகப் படியும். அடியில் விழும் விரிசலையும் அது மூடிவிடும். மேலே முகம் பார்க்கலாம். உள்ளே தோல் விறைத்து இழுத்துக்கொண்டு, எப்போது விட்டுப்போகலாம் என்று காத்திருக்கும்.

கூரான முனையை அடிக்கடி மாற்றி, பொறுமையாகச் சீவி எடுத்த தட்டு அப்படி இருக்காது. மங்கலாக, மெல்லிய வரிகளோடு இருக்கும். பார்க்க லட்சணம் போதாது. ஆனால் அதுதான் உழைக்கும். இது பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தட்டைத் தேற்றுகிற மெருகுமானிக்கு மட்டும் தெரியாது. அது மேடுபள்ளத்தை அளக்கும், வழவழப்பாக இருந்தால் பச்சை விளக்கைப் போட்டுவிட்டுத் தன் வேலை முடிந்தது என்று இருக்கும்.

“மேஸ்திரி, இத்தனை பெரிய தட்டுக்கு டூலு ஒண்ணுதான் மாத்துனியா?”

“இல்லீங்ண்ணா. சீவறப்ப நெறையா மாத்துனனுங்க. அதெல்லாம் அப்பப்ப அள்ளிக் கொட்டியாச்சு. அது கடைசி ஓட்டத்து டூலுங்க. மினுக்கு ஓட்டம்.”

“அப்படின்னா?”

“பழைய, மழுங்குன டூலா ஒண்ண எடுத்து, வெட்டாம, சும்மா மேலாப்புல ஒரு தேய்ப்பு தேய்க்கறதுங்க. அப்பத்தான் பளபளன்னு வரும்.”

“இப்படிப் பண்ணச் சொல்லி யார் சொன்னது?”

“யாருஞ் சொல்லலீங்க. படத்துல எல்லாரும் அப்படித்தான் பண்ணுனாங்க. சோதிக்கறவரு காலடிச் சத்தங் கேட்டா, சீக்கிரமா ஒரு தேய்ப்பு. அவரு வந்து பார்த்து, சிரிச்சு, டீ குடிச்சுட்டுப் போவாரு. நான் அதையுந் தொழில்ல சேர்த்திதான்னு நெனச்சனுங்க.”

சென்னியப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முன்பெல்லாம் இந்த ஊரில் அமிலச் சோதனை இருந்தது. வெளியே கைநீட்டிப் பிடித்தால் அமிலம். அதில் தட்டை முக்கி மெல்லிய மின்சாரம் விட்டால் மேலேடு கரைந்து, உள்ளே இருப்பது வெளியே வரும். அதைக் கைவிட்டுப் பல காலம் ஆகிறது. சோதித்த தட்டுகள் பளபளப்பை இழந்து மெருகுமானியில் தோற்றுக்கொண்டே இருந்ததுதான் காரணம்.

அவர் எழுந்து பழைய தொட்டியைத் துடைத்தார். மேஸ்திரியின் கைகளில் ஒன்று மேகத்திலிருந்து அமிலம் பிடித்து வந்தது. தட்டை எடுத்தபோது அதன் முகம் போயிருந்தது. அங்கங்கே திட்டுத் திட்டாக வெள்ளை, நடுவில் மயிரிழை மயிரிழையாக விரிசல். நகத்தை வைத்து இழுத்தார். தட்டியது. இன்னோர் இடத்தில் இழுத்தார். அங்கும் தட்டியது.

இந்தத் தட்டோடு மகள் இறங்கியிருந்தால் செத்திருப்பாள் என்று அவருக்குப் புரிந்தது. இப்படி ஒரு தட்டோடு இறங்கித்தான் மனைவி செத்தாள் என்பதும், அதன் பளபளப்பைப் பார்த்து, நன்றாக வந்திருக்கிறது என்று சொன்னது தான்தான் என்பதும் புரிந்தது. எல்லாம் தெளிவாக, யாரோ ஒருவர் வீட்டுச் சமாச்சாரம் போல, வரிசையாகப் புரிந்தது. இவ்வளவு பெரிய விஷயத்துக்கு இப்படி உட்கார்ந்திருக்கிறோமே என்றிருந்தது. காதுக்குப் பின்னால் விரலை வைத்துத் தணிப்பியைக் கொஞ்சம், மிகக் கொஞ்சம், இறக்கினார்.

துக்கம் வந்தது. மனைவியின் பெயரைச் சொன்னார், அது சொல்லாக வரவில்லை. மெருகுமானியை எடுத்து வைக்கப் பார்த்தார். அது நழுவிக் கீழே விழுந்து கண்ணாடி உடைந்தது.

“அண்ணா, உங்களுக்கு ஒடம்பு சரியில்லீங்களா?” என்றது மேஸ்திரி.

வேலை முடிய வேண்டும், புதுத் தட்டு வேண்டும், அதற்கு நடுங்காத கை வேண்டும். தணிப்பியைப் பழையபடி ஏற்றிக்கொண்டார். “ஒண்ணுமில்ல. இந்தத் தட்டுல ஒரு துண்டு அறுத்துக் குடு” என்றார். விரல் நீளத் துண்டு ஒன்றை அறுத்து வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

*

நிர்வாகி கருணாம்பாள் கெட்டவள் அல்ல. பூமியிலிருந்து மறுநாள் ஒரு பார்வைக்குழு வருவதால் அவளுக்குத் தலைக்கு மேல் வேலை. இறக்கத்தை அவர்கள் முன்னால் நடத்திக் காட்டுவதாக ஏற்பாடு. அமிலத்தில் முக்கியெடுத்த தட்டைப் பார்த்து, “என்னங்க சார், அடிப்பிடிச்ச சட்டியாட்ட இருக்குது” என்றாள்.

“மொதல்லயே அப்படித்தான் இருந்துச்சு மேடம். இப்பத்தான் தெரியுது” என்றார் சென்னியப்பன். விரிசல்களைக் காட்டி விளக்கினார். புதுத் தட்டை, கூரான முனைகளைக் கொண்டு, மினுக்கு ஓட்டம் இல்லாமல் கடைய வேண்டும் என்றார்.

“மங்கலா இருக்குமேங்க. வர்றவங்க கண்ணாடி வழியா அதைத்தான் பார்ப்பாங்க.”

“மங்கலாத்தான் மேடம் இருக்கோணும்.”

அவள் யோசித்தாள். “சரிங்க சார். போறது உங்க புள்ள. உங்க திருப்திக்குப் பண்ணிக்குங்க” என்றாள்.

மேஸ்திரி மாலைக்குள் புதுத் தட்டைக் கடைந்து முடித்தது. சென்னியப்பன் பக்கத்திலேயே நின்று, கழிவுத் தொட்டி தேய்ந்த முனைகளால் நிறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டு மங்கலாக, வரிவரியாக வந்தது. வேறொரு மெருகுமானி கொஞ்சநேரம் தயங்கிவிட்டு, வேண்டாவெறுப்பாகப் பச்சை காட்டியது. அவர் கண் முன்னாலேயே அதை இறங்கியில் பொருத்தினார்கள். அன்று அவர் நிம்மதியாக வீட்டுக்குப் போய், தட்டு மங்கலாக வந்திருக்கிறது, அதுதான் உழைக்கும் என்று மகளிடம் சொன்னார். நிம்மதிக்கு மட்டும் தணிப்பி குறுக்கே வருவதில்லை.

*

விழா நாளில் ஊர் ஜொலித்தது. கைப்பிடிச் சுவர்களுக்கெல்லாம் புது வண்ணம். ஒழுகுகிற குழாயின் மேல் பூந்தொட்டி. பூமியில் மந்திரி வருகிற தெருவில் மட்டும் ஒரே இரவில் தார் போட்டு, மரங்களுக்கு இடுப்பளவு சுண்ணாம்பு அடித்துவைப்பது நமக்குத் தெரியும். மேகநகர்க்காரர்கள் ஒருபடி மேலே போனவர்கள். விருந்தினர்கள் கண்ணில் ஒரு சோர்ந்த முகமும் படக்கூடாது என்று நிர்வாகம் எல்லோருடைய தணிப்பியையும் காலையிலேயே ஒரே அளவில் ஏற்றிப் பூட்டிவிட்டது. சென்னியப்பன் கண்ணாடியில் பார்த்தபோது அவருடைய முகம் புன்னகைத்துக்கொண்டிருந்தது. அவர் புன்னகைக்கவில்லை.

இறங்கு மேடைக்குப் போய், இறங்கியின் வயிற்றிலிருந்த கண்ணாடிச் சன்னல் வழியே தட்டைப் பார்த்தார். அதில் அவர் முகம் தெரிந்தது.

மேஸ்திரியின் கை ஒன்று மேடையோரம் மாலை தொடுத்துக்கொண்டிருந்தது. அதனிடம் கேட்டார்.

“ஆமாங்ண்ணா, காலையில கழட்டிக் கொண்டுபோயி ஒரு மினுக்கு ஓட்டம் ஓட்டி மாட்டுனனுங்க. நீங்க வேண்டாம்னு சொன்னது நேத்துத்தானுங்களே. இன்னைக்குப் பெரியவங்க வர்றாங்கன்னு மேடம் சொன்னாங்க. பெரியவங்க வந்தா மினுக்கி வெக்கோணும். அது பட்டறை வழக்கமுங்க.”

மினுக்கச் சொன்னவர் யாரும் இல்லை. யாரும் சொல்லாமலே நடக்கிற காரியம் அது.

சென்னியப்பன் கருணாம்பாளிடம் போனார். “மேடம், இறக்கத்தை நிறுத்தோணும். தட்டைத் தேய்ச்சுட்டான். எம் புள்ள செத்துப்போயிருவா” என்றார். கத்த வேண்டும் என்று நினைத்துத்தான் சொன்னார். ஆனால் குரல் டீ ஆறுது, எடுத்துக்குங்க என்று சொல்வது போல இதமாக வந்தது. முகம் சிரித்தபடியே இருந்தது.

கருணாம்பாளும் சிரித்தபடி அவரைப் பார்த்தாள். “உண்மையிலயே ஆபத்துன்னா இப்படி நிம்மதியாவா சார் சொல்லுவீங்க? முதல் தடவைன்னா அப்படித்தான் தோணும். பொண்ணுக்குப் போய்த் திருநீறு வெச்சு உடுங்க” என்றாள். பக்கத்திலிருந்த விருந்தினர், இந்த ஊர் மக்களின் அமைதியைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது என்றார்.

இன்னும் இரண்டு பேரிடம் சொல்லிப் பார்த்தார். அவர்களும் நல்லது என்று தலையாட்டினார்கள். பிறகு அவர் மகளிடம் போனார்.

பூவாத்தாள் படியில் கால் வைத்து நின்றிருந்தாள். “என்னங்கப்பா, இப்படிச் சிரிக்கறீங்க! பார்க்கவே நல்லா இருக்குது” என்றாள். தட்டைத் தேய்த்துவிட்டார்கள், இறங்காதே என்று அவர் சொன்னார். அவள் அந்தச் சிரித்த முகத்தைப் பார்த்து, அவர் விளையாடுகிறார் என்று நினைத்தாள். அப்பா வாழ்க்கையில் முதல்முறையாக விளையாடுகிறார் என்று அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அவர் பேசுவதை நிறுத்தினார். பையிலிருந்த, முந்தின நாள் தட்டில் அறுத்த துண்டை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். அவளுடைய கட்டைவிரலைப் பிடித்து, நகத்தை அதன் மேல் வைத்து இழுத்தார்.

தட்டியது. சின்ன வயதில் அவர் மடியில் உட்கார்ந்து, தட்டுகளில் நகம் இழுத்து விளையாடியவள் அவள். தலையைத் திருப்பிச் சன்னலைப் பார்த்தாள். உள்ளே தட்டு கண்ணாடியாக மின்னியது. புருவங்களுக்கு நடுவே அந்தக் கோடு விழுந்தது.

“அப்பா” என்றாள். அடுத்த நொடி அவள் வீறிட்டு அழுதாள். படியிலிருந்து இறங்கி, தலைக்கவசத்தைக் கழற்றி எறிந்து, அத்தனை விருந்தினர்கள் முன்னாலும் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள். மூக்கு ஒழுகியது. ஊர் முழுவதும் புன்னகை மாறாமல் அவளைப் பார்த்தது. சென்னியப்பன் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார். பிழைத்துவிட்டாள் என்பது அவருக்குத் தெரிந்தது.

விருந்தினர்களை ஏமாற்றக் கூடாது என்று இறங்கியை ஆள் இல்லாமல் தொலைவிலிருந்தே இயக்கிக் கீழே அனுப்பினார்கள். அது அழகாக மேகத்துக்குள் போனது. எல்லோரும் கைதட்டினார்கள். அது திரும்பி வரவேண்டிய நேரத்தில் விருந்தினர்களைச் சாப்பிட அழைத்துப்போனார்கள்.

*

விசாரணை முறைப்படி நடந்தது. சுழல்தட்டு மேல் சந்தேகப்பட வழியே இல்லை. காலையில் மறுபடி பொருத்திய பின் மெருகுமானி அதில் காட்டிய அளவு, இந்த ஊரில் இதுவரை காட்டியதிலேயே சிறந்தது. சென்னியப்பன் அமிலச் சோதனை பற்றியும் மினுக்கு ஓட்டம் பற்றியும் எல்லாவற்றையும் சொன்னார். தணிப்பியின் பூட்டை இன்னும் எடுக்கவில்லை. அவ்வளவையும் அவர் முகம் கோணாமல் சொன்ன பக்குவத்தை விசாரணைக் குழுவினர் வெகுவாகப் பாராட்டினார்கள்.

பிறகு அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். இறங்கி திரும்பாததற்குக் காரணம் அதில் ஓட்டி இல்லாதது. ஓட்டி இல்லாததற்குக் காரணம் அவள் பயந்தது. பயந்ததற்குக் காரணம் அவளிடம் தணிப்பி இல்லாதது. இனி ஓட்டிகளுக்கும் அது கட்டாயம் என்று அறிவித்தார்கள்.

பூவாத்தாளுக்குத்தான் முதலில் பொருத்தினார்கள். நடுங்காத கை வேண்டிய வேலை என்பதால் அதையும் மேஸ்திரியிடமே கொடுத்தார்கள். அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “வேண்டாங்கப்பா, சொல்லுங்கப்பா” என்று அழுதுகொண்டே இருந்தாள். பாதி அழுகையில் அவள் பிடி தளர்ந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்து, கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள்.

“இப்ப நல்லா இருக்குதுங்கப்பா” என்றாள். குரல் இதமாக இருந்தது. “அடுத்த இறக்கம் எப்பவாமுங்க?”

“எப்படி வந்திருக்குது, பாருங்ண்ணா” என்றது மேஸ்திரி.

சென்னியப்பன் மகளின் முகத்தருகே குனிந்தார். கட்டைவிரல் நகத்தை அவள் புருவங்களுக்கு நடுவே வைத்து, மெதுவாக இழுத்துப் பார்த்தார். எங்கும் தட்டவில்லை.

“நல்லா வந்திருக்குது” என்றார்.